ஃபைபர் வாசல் வரை வருகிறது. வேகம் ஏன் படுக்கையறைக்கு வருவதில்லை?

300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஹாலில் ரவுட்டருக்கு முன்னால் நின்று செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 250 காட்டுகிறது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் 40. மாடி அறையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், "எங்க பக்கம் லைன் நல்லா இருக்கு சார், பவர் கரெக்டா வருது" என்கிறார்கள். அநேகமாக அவர்கள் சொல்வது உண்மை. வேகம் வரவில்லை என்று நாம் சொல்வதும் உண்மை. இரண்டு தரப்பும் வெவ்வேறு பாதைகளைப் பற்றிப் பேசுகிறோம், அவ்வளவுதான்.

தெருக்கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை வருவது கண்ணாடி இழை. சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து கையிலிருக்கும் போன் வரை உள்ளது காற்று. பில்லில் அச்சாகும் எண் கண்ணாடி இழைக்கு உரியது. நம் ஊர் வீடுகளில் வேகம் தொலைவது பெரும்பாலும் காற்றில். அதைச் சரிசெய்ய அடுத்த பெரிய திட்டத்துக்கு மாறுவது பல வீடுகளில் வீண் செலவு என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்க, முதலில் கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணாடியின் தயவு

1966இல் சார்லஸ் காவ், இங்கிலாந்தில் ஒரு தொலைத்தொடர்பு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, சக ஆய்வாளர் ஜார்ஜ் ஹாக்ஹாமுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடியில் ஒளி மங்கிப்போவதற்குக் காரணம் கண்ணாடியிலுள்ள மாசுதான், அதை நீக்கிவிட்டால் ஒளியைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்பலாம் என்பது அதன் சாரம். அன்றிருந்த இழைகளில் ஒரு கிலோமீட்டருக்கு 1000 டெசிபெல் இழப்பு. 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் போதும் என்றார் காவ். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கியது. 2009இல் காவுக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் இழப்பு, கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல். ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஒளியில் 95 சதவீதம் மிஞ்சுகிறது.

டெசிபெல் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 3 டெசிபெல் குறைந்தால் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு.

நம் வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலானவை ஜீபான் என்ற முறையில் இயங்குபவை. நிலையத்திலிருந்து ஒரே இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் கீழே வரும், 1.25 கிகாபிட் மேலே போகும். வழியில் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். கீழே வருவது 1490 நானோமீட்டர் ஒளி, மேலே போவது 1310 நானோமீட்டர் ஒளி. நிறம் வேறு என்பதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இழையில் ஓடும். இந்த விவரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள்காரர் கையடக்கமான பவர் மீட்டரோடு வந்து இழையைச் செருகிப் பார்க்கும்போது அவர் பார்ப்பது, வந்து சேரும் ஒளியின் பலம் மைனஸ் 27 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) என்ற எல்லைக்குக் கீழே போய்விட்டதா என்பதை. அளவு மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாகப் போய்விடுவார். அதற்கு மேல் அவர் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. ஃபைபரின் குணமே அப்படி: பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும், அறுந்தால் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்து அடியோடு நிற்கும்.

ஆனால் நிறுவனத்தின் பக்கம் குறையே இருக்காது என்று சொல்லிவிட முடியாது. இரவு 8 மணிக்கு மேல் தெருவே படம் பார்க்கும்போது, நிறுவனம் போதுமான இணையக் கொள்ளளவு வாங்கி வைக்காவிட்டால் நெரிசல் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வைஃபையை விட்டுவிட்டு ஒரு லேன் கேபிளை ரவுட்டரிலும் மடிக்கணினியிலும் செருகி அளப்பது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. இரண்டிலும் திட்டத்தின் வேகம் வந்தால் நிறுவனத்தோடு சண்டை போட வேண்டியதில்லை. இரவில் மட்டும் விழுந்தால் அந்த எண்ணைக் காட்டிப் புகார் செய்யலாம். வைஃபையில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படத்தை அனுப்பினால் அவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொழில்நுட்பப்படி அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

லேன் கேபிளில் அளக்கும்போது 93, 94 என்ற எண்ணிலேயே நின்றுகொண்டிருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின், அதாவது கேபிள் செருகும் வாயின், உச்சி. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் இன்றும் அந்தப் பழைய போர்ட்டுதான் இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்தை அதற்குள் ஊற்றினாலும் 94தான் வெளியே வரும். போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையாக இருந்தும் 94 வந்தால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளேயிருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100க்கு நான்கு போதும். கேபிள் முனையில் பிளக்கை மாட்டியவர் ஒரு கம்பியைச் சரியாக அழுத்தாமல் விட்டாலோ, எலி கடித்து ஒன்று அறுந்தாலோ, பல கருவிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

அட்டைப்பெட்டி எண்கள்

ரவுட்டர் வாங்கப் போனால் பெட்டியில் ஏசி 1200, ஏஎக்ஸ் 3000 என்று எழுதியிருக்கும். ஏசி, ஏஎக்ஸ் என்பவை வைஃபை தலைமுறைகளின் பெயர்கள். 1200 எம்பிபிஎஸ் தரும் ரவுட்டர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த 1200 ஒரு கூட்டுத்தொகை. ரவுட்டர் பயன்படுத்தும் இரண்டு ரேடியோ அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கியது. ஏஎக்ஸ் 3000 என்பது 574ம் 2402ம். நம் போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு அலைவரிசையில்தான் இணைகிறது. 2402 வேண்டுமானால் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான பாதை வேண்டும், அதை எதிர்முனையிலுள்ள போனும் ஆதரிக்க வேண்டும். பெரும்பாலான போன்கள் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நல்ல போனில் இரண்டு ஆன்டெனா இருக்கும். மலிவான போனில் ஒன்றே ஒன்று. ஒரு ஆன்டெனா கொண்ட ஏசி வகைப் போனின் உச்ச இணைப்பு வேகம் 433. எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வாங்கி வைத்தாலும் அந்தப் போனுக்கு அதற்கு மேல் கிடைக்காது.

இன்னொரு வகை வீடுகள் உண்டு. இணைப்போடு இலவசமாகக் கொடுத்த பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இருக்கும். அடுக்ககத்தில் அப்படியொரு பெட்டியை வைத்துக்கொண்டு 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுபவருக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் 30, 40தான். பெட்டியின் வரம்பைச் சொல்லாமல் திட்டத்தின் வேகத்தை மட்டும் சொல்லி விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தப் பெட்டியில் வைஃபை இவ்வளவுதான் தாங்கும் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவது ஒன்றும் கடினமான காரியம் அல்ல. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று அழைக்கப்படக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை வரையறையை உயர்த்தியது. அதற்கு முன் 512 கேபிபிஎஸ். இந்த வரையறை இணைப்பைப் பற்றியது. சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

காற்றில் முறை வைத்துப் பேசுவது

இணைப்பு வேகம் 867 என்று போன் காட்டினால்கூட, ஸ்பீட் டெஸ்டில் 500, 550க்கு மேல் ஏறுவது அபூர்வம். சுவரே இல்லாத இடத்தில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இந்த நிலை. மீதி எங்கே போகிறது?

ஃபைபரில் இரண்டு நிறம், இரண்டு திசை என்று பார்த்தோம். வைஃபையில் அது கிடையாது. ஒரு சேனலில், அதாவது அலைவரிசையில் பிரித்து எடுத்த ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவிதான் பேசலாம். ரவுட்டர் பேசினால் எல்லாப் போன்களும் மௌனமாக இருக்க வேண்டும். ஒரு போன் பேசினால் ரவுட்டரும் மௌனம். யார் எப்போது பேசலாம் என்று முறைப்படுத்த, வழக்கமான வைஃபையில் தலைவர் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் பேசும் முன் காதுகொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் 34 மைக்ரோ வினாடி பொறுக்கும். அதற்குப் பிறகும் உடனே பேசாது. இரண்டு கருவிகள் ஒரே நொடியில் வாய் திறந்து மோதிவிடக்கூடாது என்பதற்காக, தற்செயலாக ஒரு எண்ணைத் தேர்ந்து அதுவரை எண்ணிக்கொண்டு காத்திருக்கும். அது சராசரியாக இன்னொரு 67 மைக்ரோ வினாடி. பேசி முடித்ததும் எதிர்முனை "வந்து சேர்ந்தது" என்று ஒரு சிறு பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து, இம்முறை இன்னும் அதிக நேரம் காத்திருந்து.

ஒரு முழு அளவுத் தரவுப் பொட்டலம் 1500 பைட். 867 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை அனுப்ப ஆகும் நேரம் 14 மைக்ரோ வினாடி. அதற்காகக் காத்திருந்தது நூறு. பதினான்கு நிமிட வேலைக்கு நூறு நிமிடம் வரிசையில் நிற்கும் கணக்கு இது. இந்த விரயத்தைக் குறைக்கத்தான் 2009இல் வந்த 802.11என் என்ற வைஃபை தரத்திலிருந்து, பல பொட்டலங்களை ஒன்றாகக் கட்டி ஒரே மூச்சில் அனுப்பும் முறை வந்தது. பெரிய கோப்பு இறக்கும்போது அது அருமையாக வேலை செய்யும். வீடியோ அழைப்பிலும் விளையாட்டிலும் சின்னச் சின்னப் பொட்டலங்கள் வந்த உடனே போயாக வேண்டும். கட்டாகச் சேரும்வரை அவை காத்திருக்க முடியாது. அதனால்தான் ஸ்பீட் டெஸ்டில் நல்ல எண் வந்தாலும் வீடியோ கூட்டத்தில் பேசும்போது குரல் அறுந்து அறுந்து கேட்கிறது.

மெதுவான கருவிகள் செய்யும் சேதம் இதைவிடப் பெரிது. தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்தால், வாய் குறுகிய குடம் கொண்டுவந்தவர் நிரப்பி முடிக்கும்வரை அகன்ற பாத்திரத்தோடு வந்தவரும் நின்றுதான் ஆக வேண்டும். வைஃபையிலும் முறை என்பது பொட்டலத்துக்கு, நேரத்துக்கு அல்ல. மாடியில் சிக்னல் இல்லாமல் 12 எம்பிபிஎஸ்ஸில் தடுமாறும் ஒரு போன், ஹாலில் 600இல் ஓடும் மடிக்கணினியின் அதே அளவுப் பொட்டலத்தை அனுப்ப ஐம்பது மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் முழுக்க மடிக்கணினி சும்மா இருக்கிறது. ஆகவே மாடியில் இருப்பவருக்கு மட்டும் வேகம் குறைகிறது என்று நினைப்பது தவறு. அவர் வீடியோ பார்க்க ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் குறையும். நேரத்தைச் சமமாகப் பங்கிடும் வசதி சில புதிய ரவுட்டர்களில் இருக்கிறது. பழையவற்றில் இல்லை.

இந்த முறை வைப்பில் பக்கத்து வீட்டு வைஃபையும் சேர்த்தி. அவர்கள் பாஸ்வேர்டு வேறு, நம் பாஸ்வேர்டு வேறு என்றாலும் காற்று ஒன்றுதான். ஒரே சேனலில் இருந்தால் அவர்கள் ரவுட்டர் பேசும்போது நம் ரவுட்டர் வாயை மூடிக்கொள்ளும்.

இந்த ஜனநாயகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்கு ஒதுக்கி வைத்திருந்த, யாரும் மதிக்காத பகுதிகள் அவை. அடுப்பு இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில், நம் பழைய வைஃபை இருப்பதும் அங்கேதான். இந்தியாவில் 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் உரிமத்திலிருந்து விடுபட்டது. அதன் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றை ஒன்று இடிக்காமல் அதில் மூன்று சேனல்கள்தான் வைக்க முடியும்: 1, 6, 11. புளூடூத்தும் அதே இடத்தில்தான். சென்னையில் ஒரு சாதாரண அடுக்ககத்தில் போனை எடுத்துத் தேடினால் இருபது வைஃபை பெயர்கள் வருவது சகஜம். இருபது வீடும் மூன்று சேனலில். இதில் சில ரவுட்டர்கள் கூடுதல் வேகம் தருவதாக 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. மொத்த இடத்தில் கிட்டத்தட்ட பாதி. அடுக்ககத்தில் இருப்பவர்கள் அதை 20க்குக் குறைத்து வைப்பது தமக்கும் நல்லது, அண்டைவீட்டாருக்கும் நல்லது.

5 கிகாஹெர்ட்ஸில் நிலைமை எவ்வளவோ மேல். 2018இல் இந்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் தாராளமாகத் திறந்தது. ஒரு வீட்டுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் என்றாலும் பல வீடுகளுக்கு இடம் இருக்கிறது. தொல்லை வேறு வடிவத்தில் வருகிறது.

செங்கல்லும் கம்பியும்

5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் என்றால் சோர்ந்துபோகும். திறந்தவெளியிலேயே, அதே தூரத்தில் அதே அளவு ஆன்டெனா அமைப்பில், 2.4ஐவிட அது 7 டெசிபெல் குறைவாகத்தான் வந்து சேர்கிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. சுவர் குறுக்கே வந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

நம் வீடுகள் கட்டப்படும் விதம் இங்கே பெரிய விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகளின் உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை அடித்தது, உள்ளே வெற்றிடம். வைஃபை அலைக்கு அது ஏறக்குறையத் திரைச்சீலை. நம் வீட்டில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், உட்சுவர் நாலரை அங்குலம், இருபுறமும் சிமென்ட் பூச்சு. மேலே, கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றிய தளம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றே 5 கிகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து 10 டெசிபெல்லுக்கு மேல் பறித்துவிடக் கூடும். கம்பி வலை உள்ள தளம் 20 டெசிபெல்லையும் தாண்டலாம்.

இப்போது கண்ணாடிக் கணக்கைத் திரும்பிப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 0.2 முதல் 0.35 டெசிபெல் என்றால், 20 கிலோமீட்டர் ஃபைபரில் இழப்பு 4 முதல் 7 டெசிபெல். தாம்பரத்திலிருந்து கிண்டியைத் தாண்டியும் ஒளி ஓடிவரும்போது இழப்பதைவிட, ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும்போது வைஃபை அதிகம் இழக்கிறது. இந்த ஒரு ஒப்பீட்டை எல்லோரும் அறிந்திருந்தால், வேகக் குறைவைப் பற்றிய வாக்குவாதங்களில் பாதி நடந்தே இருக்காது.

சுவர் மட்டும் என்றில்லை. பீரோவின் இரும்புக் கதவு அலையைத் திருப்பி அனுப்பும். அதில் பதித்த கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே. தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். மீன் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மழைக்காலத்தில் ஊறிய சுவர், ஏன், அறையில் நிறைந்திருக்கும் மனிதர்கள்கூட. செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் இன்னும் கனம், ஆனால் நடுவே முற்றமும் வரிசையாகக் கதவுகளும் இருப்பதால் அலை சுற்றிக்கொண்டு போக வழி கிடைக்கும். இன்றைய அடுக்ககத்தின் குறுகிய நடைபாதையும் மூடிய கதவுகளும் அந்த வழியையும் அடைத்துவிட்டன.

சிக்னல் குறையும்போது வேகம் ஏன் குறைய வேண்டும்? தூரத்திலிருப்பவரிடம் பேசும்போது நிறுத்தி நிதானமாக, எளிய சொற்களில் பேச வேண்டியிருக்கிறதல்லவா, வைஃபையும் அதைத்தான் செய்கிறது. சிக்னல் சுத்தமாக இருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் 1024 வெவ்வேறு நிலைகளை வைத்து, அதாவது 10 பிட்களை ஏற்றி அனுப்பும். இரைச்சல் கூடினால் 256, 64, 16 என்று நிலைகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஆம், இல்லை என்ற இரண்டே நிலைக்கு, ஒரு பிட்டுக்கு வந்துவிடும். அதே ரவுட்டர், அதே போன், அதே அமைப்பு. 1201 எம்பிபிஎஸ்ஸில் தொடங்கிய இணைப்பு நூறுக்கும் கீழே இறங்கிவிடும். இணைப்பு அறுந்துபோகாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் போனின் மேல்மூலையில் உள்ள வைஃபை கோடுகள் இதைச் சொல்வதில்லை. சிக்னல் மைனஸ் 50 டிபிஎம்மில் இருக்கும்போது கிடைக்கும் வேகம் மைனஸ் 67இல் கிடைக்காது, போன் இரண்டுக்கும் நிறையக் கோடுகளைக் காட்டலாம். அதோடு, கோடுகள் ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. பேட்டரியை மிச்சம் பிடிக்கும் சின்னப் போன், ரவுட்டரைவிடத் தணிந்த குரலில் பேசும். அது சொல்வது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பது தனிக் கேள்வி. அதனால்தான் படம் ஓடும் அறையில் புகைப்படம் அனுப்ப முடியாமல் போகிறது.

சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் எதிரொலிகள் ஒருகாலத்தில் வைஃபைக்குப் பெரும் பகையாக இருந்தன. அதைத் தீர்த்த முறைகளில் முக்கியமான ஒன்று ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் உருவானது. அதன் பின்னிருந்த ஜான் ஓ'சல்லிவன் வானொலி வானியலாளர். சிறு கருந்துளைகள் வெடிக்கும்போது வரக்கூடிய மெல்லிய ரேடியோ துடிப்புகளைத் தேடியவர். அவை கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் கூர்மையான கணிதம், நம் ஹாலில் எதிரொலிகளைப் பிரித்தெடுக்க உதவியது. எதிரொலியை வெல்ல முடிந்தது. செங்கல் உறிஞ்சிக்கொண்டதைத் திரும்பப் பெற எந்தக் கணிதமும் இல்லை.

பெட்டி இருக்கும் இடம்

இவ்வளவையும் வைத்து நம் வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கம்பத்திலிருந்து வயர் எந்த ஜன்னல் வழியாக நுழைந்ததோ அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். அல்லது டிவிக்குப் பின்னால், டிவியின் உலோகச் சட்டத்தை ஒட்டி. அல்லது பரணில், பழைய பாத்திரங்களுக்கு நடுவில். இணைப்பு கொடுக்க வருபவருக்கு அன்று இன்னும் பல வீடுகள் போக வேண்டியிருக்கும். வயர் குறைவாகச் செலவாகும் இடத்தில், பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் மாட்டிவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டின் ஒரு மூலையில், வெளிச்சுவரை ஒட்டி மாட்டிய பெட்டி தன் அலையில் பாதியைத் தெருவுக்கு அனுப்புகிறது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் அதே பெட்டியை வைத்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் பல அறைகள் உயிர்பெறும். ஃபைபர் வயரை இன்னும் பத்து மீட்டர் நீட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். சட்டென்று மடிக்காமல், கூர்மையான மூலைகளில் வளைக்காமல் கொண்டுபோனால் கண்ணாடிக்குப் பத்து மீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து எக்ஸ்டென்டர், அதாவது ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி. சிக்னல் வராத அறையில் வைத்தால் அங்கே வரும் என்று நினைத்து, சிக்னலே இல்லாத அறையிலேயே அதைச் செருகுகிறார்கள். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் எக்ஸ்டென்டர், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் காற்றை இருமுறை பிடிக்கிறது. வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மெஷ் என்று, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல பெட்டிகளாக விற்கப்படும் கருவிகளில் நல்லவை இதற்கென்று தனி ரேடியோ வைத்திருக்கும். அவற்றுக்கும் குறுக்கே நிற்பது அதே செங்கல்தான்.

முழுமையாக வேலை செய்யும் தீர்வு பழையது, கவர்ச்சியில்லாதது: லேன் கேபிள். மாடிக்கு ஒரு கேட்-6 கேபிளை இழுத்து, அங்கே இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டியாக) மாற்றி வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும், அதில் கிகாபிட் போர்ட்டும் 5 கிகாஹெர்ட்ஸும் இருந்தால். அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளது போலவே கொடுத்து, சேனலை மட்டும் வேறாக்க வேண்டும். கீழே 36 என்றால் மேலே 149. அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவி, மேசைக் கணினி, கேமரா ரெக்கார்டர் ஆகியவற்றைக் கேபிளில் போட்டுவிட்டால் காற்று போன்களுக்கு மிச்சமாகும். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 வகைதான்; ஆனால் 4கே படத்துக்குத் தேவை 15 முதல் 25 எம்பிபிஎஸ், ஆகவே குறையொன்றும் இல்லை.

இந்தத் தேவைக் கணக்கைச் செய்து பார்ப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும். தெளிவான வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். ஒருவர் 4கே படம் பார்க்க, இருவர் அலுவலகக் கூட்டத்தில் இருக்க, ஒரு பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருந்தாலும் மொத்தம் 40ஐத் தாண்டாது. எல்லா அறையிலும் தடையில்லாமல் வரும் 100, ஹாலில் மட்டும் வரும் 500ஐவிடக் குடும்பத்துக்குப் பயன்படும். இரண்டுக்கும் உள்ள மாதக் கட்டண வித்தியாசத்தில் ஒரு வருடத்துக்குள் கேபிளும் அக்சஸ் பாயின்ட்டும் வாங்கிவிடலாம்.

புதிய தரங்கள் இதைத் தானாகத் தீர்த்துவிடும் என்று காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸை 2020இலேயே அமெரிக்கா வைஃபைக்குத் திறந்துவிட்டது. இந்தியா அதன் கீழ்ப்பாதியில் 500 மெகாஹெர்ட்ஸுக்கு 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டது. வைஃபை 7 பெருமையோடு சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் அந்த 500க்குள் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். 160 என்றால் மூன்று. அண்டைவீட்டு நெரிசல் குறையும், ஒரே அறைக்குள் வேகம் கிகாபிட்டைத் தாண்டும், இவை நிஜமான லாபங்கள். ஆனால் அலைநீளம் இன்னும் சிறிது, வீட்டுக்குள் அனுமதிக்கப்படும் ஆற்றலும் குறைவு. செங்கல் முன்பைவிடக் கடுமையாகத்தான் நடந்துகொள்ளும். வைஃபை மேலே உள்ள அலைவரிசைக்கு ஏறும்போதெல்லாம் வேகம் கூடி, வேகம் கிடைக்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சீனாவில் இணைப்பு நிறுவனங்கள் மெல்லிய ஃபைபரை ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோய், அறைக்கு ஒரு பெட்டி வைக்கும் முறையைப் பரப்பிவருவது இதனால்தான்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. தளம் போடுவதற்கு முன், சுவரைக் கொத்திப் பைப் புதைக்கும் நாட்களில், எலக்ட்ரீஷியனிடம் மின்சார வயருக்கான பைப்போடு தனியாக இன்னொரு பைப்பும் போடச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே பைப்பில் திணிக்கக் கூடாது. வெளியிலிருந்து ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒன்று. அங்கிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும், மாடிக்கும் ஒவ்வொன்று. ஹால் கூரையில் ஒரு அக்சஸ் பாயின்ட் மாட்ட ஒரு வாய். பைப்பின் வளைவுகளை அகலமாக வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றைப் போட்டு வைத்துவிட்டால், இன்று கேட்-6 இழுக்கலாம், பத்து வருடம் கழித்து வேறு எதுவும் இழுக்கலாம். அதைச் சுவர் பூசுவதற்கு முன்பே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். பூச்சும் பெயின்ட்டும் முடிந்த பிறகு அதே வேலைக்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.